‘ஏனென்றால்’ இல்லாத மூன்று தாள்கள்

மேலிடத்துக் கட்டளையைக் கீழே படித்துக் காட்டுகிறவன், இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதற்காகவே சம்பளம் பெறுகிறவன். கடல் தாண்டி வந்த நம்மவர்கள் குடியேறிய எங்கள் தீவில், ரோஸ் பெல் ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டம் ஒன்றில் அந்த வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தேன். தினமும் காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் நேரத்தில், மேலாளர் (எங்கள் வாயில் ‘முசே’, அதாவது ஐயா) பிரெஞ்சில் எழுதியனுப்பும் தாளை, தீவில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் நான் சொல்ல வேண்டும். கீழே வரும் பேச்செல்லாம் கிரியோலில் நடந்ததுதான். உங்களுக்காகத் தமிழாக்கியிருக்கிறேன், வசவுகள் நீங்கலாக. என் மேசையில் கிடந்த தடித்த பிரெஞ்சு அகராதியில் ‘ஏனென்றால்’ என்ற சொல் உண்டு. முசேயின் தாளில் ஒருநாளும் கண்டதில்லை. இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களே, உங்களுக்கு இதற்கு மேல் முன்னுரை வேண்டாம்.

வியாழன் காலை ஏழு மணி

தீவிலிருந்து மலேரியாவை ஒழிக்க அரசாங்கம் புறப்பட்டிருந்த சமயம். தாள் சொன்னது: “வியாழன் காலை ஏழு மணிக்குள் குடியிருப்பில் உள்ள அனைவரும் சாமான்களோடு வெளியே வந்துவிட வேண்டும்.” அவ்வளவுதான். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நானும் அப்படியே படித்தேன். ஒரு காலத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களை வீட்டை விட்டுத் துரத்தியதை மறக்காத குடியிருப்பு அது என்பது அந்த நேரம் என் புத்திக்கு எட்டவில்லை.

வியாழக்கிழமை கொசு மருந்துக் குழாயோடு ஆட்கள் வந்தபோது பாதி வீடுகளில் சாமானும் இல்லை, மனிதரும் இல்லை. வண்டிக்காரர் ஆறுமுகம், காய்ச்சலில் கிடந்த மகளையும் மனைவி வள்ளியம்மாவையும் ஏற்றிக்கொண்டு, தோட்டத்து மாட்டு வண்டியிலேயே ரோஸ் ஹில்லில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். சைக்கிளில் விரட்டிப் பாதி வழியில் பிடித்தேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் வள்ளியம்மா வண்டியை விட்டு இறங்காமலே கேட்டாள்: “கொசுவை விரட்டத்தான் வர்றாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே கதவைத் திறந்து வெச்சிருப்பேனே அண்ணே!”

பாலத்து வழி

கேட்காமல் வண்டியை எடுத்ததற்காக ஆறுமுகத்துக்கு எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை கட்டளையை மீறினால் வேலையும் போகும், வீடும் போகும். அதை என் அழகான கையெழுத்தில் நானே எழுதிக் கொடுத்தேன் என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கரும்பு வெட்டுக் காலத்தில் அடுத்த தாள் வந்தது: “ஓடைப் பாலத்தின் வழியே வண்டிகள் போகக் கூடாது.” எச்சரிக்கை பெற்ற ஆறுமுகம் முணுமுணுத்தபடி கரும்பை ஏற்றிக்கொண்டு சுற்று வழியில் போனார். மூன்றாம் நாள் முசேயின் கார் பாலத்தின் நடுவே ஒரு சக்கரத்தைப் பலகைக்குள் விட்டுவிட்டு நின்றது. அடிக்கட்டை உளுத்துப் போயிருந்ததாம். அது முசேக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே உட்கார்ந்து ஏதோ கடிதம் படித்துக்கொண்டிருந்ததில், கார் எந்த வழியாகப் போகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. ஆறுமுகத்தின் மாடுகள்தான் காரை இழுத்துக் கரை சேர்த்தன. முசே கத்தி முடிக்கும்வரை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற டிரைவர் பணிவாகச் சொன்னார்: “அது மாட்டு வண்டிக்குப் போட்ட சட்டம்னு நினைச்சேன், முசே.”

தோல் பூட்ஸ்

வெட்டு முடிந்தால் வண்டிக்காரர்களும் களையெடுக்கப் போவார்கள். கோவிலில் காவடிக்குக் கொடியேற்றிய மறுநாள் தாள் வந்தது: “இன்று முதல் கீழ்த் தோட்டத்தில் இறங்குவோர் நிர்வாகம் தரும் தோல் பூட்ஸை அணிய வேண்டும். மறுப்பவர்கள் நீக்கப்படுவர். பெயர்ப் பட்டியல் அனுப்பவும்.” பத்து நாள் விரதத்தில் தோலைத் தொடாதவர்கள் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். மகளுக்குக் காய்ச்சல் தெளிந்ததற்காகக் காவடி எடுக்கவிருந்த ஆறுமுகம் முதல் ஆள்.

“வேணும்னுதான் நம்ம விரத நாளாப் பார்த்துச் செய்யறான்” என்றார் ஒருவர்.

“எழுதிக்குங்க அண்ணே, என் பேரை முதல்ல எழுதுங்க. நான் போட மாட்டேன்” என்றார் ஆறுமுகம்.

பேனாவை மூடினேன். மூடிவிட்டு நேரே முசேயின் அறைக்குப் போனேன். பதினைந்து வருஷத்தில் கூப்பிடாமல் அந்த அறைக்குள் நுழைந்தது அன்றுதான்.

“பட்டியல் எங்கே?”

“எழுதவில்லை, முசே. பூட்ஸ் எதற்கு என்று தெரிய வேண்டும்.”

“காரணம் கேட்பது உன் வேலையா?”

“கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலையாக இருக்கிறதே. ஒரு வாக்கியம் போதும். அது இல்லாவிட்டால் இந்தத் தாளை நீங்களே வந்து படியுங்கள்.”

முசே என்னை நெடுநேரம் பார்த்தார். நான் நகரவில்லை. கடைசியில் அவர் தோளைக் குலுக்கினார். கீழ்த் தோட்டத்தில் களையைக் கருக்கும் புது மருந்து தெளிக்கிறார்களாம். அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வெந்துவிடுமாம். “அவர்கள் நல்லதுக்குத்தானே? இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா?” என்றார். விரதத்தைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. ஆக, காரணம் தெரியாதவர்கள் அன்று இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

திரும்பிப் போய், தாளில் இல்லாத அந்த வாக்கியத்தையும் சேர்த்துப் படித்தேன்.

“காலை வேகவைக்கிற மருந்தா? அப்போ நாங்க பதினோரு பேரும் மேல் தோட்டத்துல கல்லு பொறுக்கப் போறோம். அங்கே இருக்கிறவங்க பூட்ஸைப் போட்டுக்கிட்டு இங்கே வரட்டும். பத்து நாள்தானே?” என்றார் ஆறுமுகம்.

அரை மணி நேரத்தில் ஆட்கள் இடம் மாறினார்கள். முசேயும் தலையாட்டிவிட்டார். பட்டியல் போகவில்லை, யாருக்கும் வேலையோ வீடோ போகவில்லை. காவடி முடிந்த மறுநாள் ஆறுமுகம் என் மேசைக்கு வந்து பிரசாதத்தை வைத்தார். அடுக்கியிருந்த தாள்களைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: “காவடி எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டப்போ, ஏன்னு முருகனுக்கே நான் காரணம் சொன்னேன் அண்ணே, எங்களுக்குச் சொன்னா உங்க முசேக்கு என்ன குறைஞ்சுடும்?”

அன்றிலிருந்து ‘ஏனென்றால்’ இல்லாத எந்தத் தாளையும் நான் படித்ததில்லை. அவருக்குப் பிறகு மேலாளர் நாற்காலிக்கு வந்த மூன்று முசேக்களும் என்னைச் சோம்பேறி என்றே குறித்து வைத்திருக்கிறார்கள், காரணம் எழுதாமல்.