ஷிமோன் தில்காவின் கல்யாணக் கால்சட்டை

போலந்தின் தெற்கு மலைப்பகுதியில் இதுவரை ஆம்புலன்ஸ் வேலைக்கு வந்தவர்களிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி லெஷெக் கான்யா என்று முதலில் சொன்னவர் லெஷெக் கான்யாவேதான். ரத்தம் அவரைப் பயமுறுத்தியதில்லை. பனிச்சரிவில் கயிறு கட்டி இறங்கவும் தயங்கமாட்டார். அவருடைய பயமெல்லாம் வக்கீல்கள்மேல்.

சமவெளியில் பிறந்தவர். மலைக்காரப் பெண்ணான ஹன்காவைக் கல்யாணம் செய்துகொண்டு மேலே வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் ஊர் அவரைக் 'கீழ்நாட்டான்' என்றுதான் கூப்பிட்டது. ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவர் ஒப்பந்தப் பாராமெடிக். ஒப்பந்தக்காரர்கள் தங்கள் கைத்தவறுக்குத் தாங்களே காப்பீடு எடுக்கவேண்டும். அது இல்லாமல் வண்டியில் ஏற முடியாது. மற்றவர்கள் இருப்பதிலேயே மலிவானதை எடுத்துவிட்டு மறந்துபோவார்கள். லெஷெக் இருப்பதிலேயே பெரியதை எடுத்து, அதற்குமேல் ஒரு கூடுதல் பாலிசியும் எடுத்து, தேநீர் நேரத்தில் அதன் நிபந்தனைகளைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். தப்பு நடந்தால் ஒப்புக்கொள்ளக்கூடாது, காப்பீட்டுக் கம்பெனியைக் கேட்காமல் வாயே திறக்கக்கூடாது என்ற பகுதி வரும்போது அவருடைய குரல் தேவாலயப் பாதிரியாரின் குரலாகிவிடும். அதற்குள் வண்டி ஓட்டும் யெண்ட்ரெக் இரண்டாவது கோப்பையையும் முடித்துவிட்டு வெளியே போயிருப்பான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. ஷிமோன் தில்காவின் கடைசி மகளுக்குக் கல்யாணம். குதிரை வண்டிகள் வரிசையாகத் தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு முதல் வண்டிக் குதிரை மிரண்டது. பெண்ணின் அப்பா வண்டியிலிருந்து சாலையில் விழுந்தார். ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது தொடை எலும்பு முறிந்து, கால் கோணிக் கிடந்தது. பாதத்தில் நாடித்துடிப்பு இல்லை.

தில்கா அன்று முழு மலை உடுப்பில் இருந்தார். வெள்ளைக் கம்பளியில் தைத்த கால்சட்டை. இரண்டு தொடையிலும் இதய வடிவில் சிவப்பும் நீலமுமாக எம்பிராய்டரி. லெஷெக் கத்தரிக்கோலை எடுத்தார்.

"தையல் ஓரமா வெட்டுய்யா!" என்று கத்தினான் யெண்ட்ரெக். "பக்கத்துலயே தையல் இருக்கு பாரு!"

லெஷெக்கின் காதில் அது விழுந்தது. ஆனால் தலைக்குள் வேறொரு குரல் ஓடிக்கொண்டிருந்தது: தாமதத்தால் கால் போனால் யார் பொறுப்பு? எம்பிராய்டரியின் நடுவே கத்தரிக்கோல் புகுந்து போனது. காலை இழுத்து நேராக்கிக் கட்டினார். பாதத்தில் துடிப்பு திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதன்பிறகு கொஞ்ச நாள் லெஷெக் கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்று முகம் மழித்தார். இதையும் பின்னாளில் அவரே எல்லாரிடமும் சொன்னார்.

இலையுதிர் காலத்தில் புகார் வந்தது. காலைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை; எல்லாம் கால்சட்டையைப் பற்றித்தான். தில்கா அந்தக் கால்சட்டையைத் தன் கல்யாணத்தில் போட்டிருந்தார்; மூத்த மகள்கள் இருவரின் கல்யாணத்திலும் போட்டிருந்தார்; அதிலேயே தன்னைப் புதைக்கவேண்டும் என்று சொல்லியும் வைத்திருந்தார். நஷ்டஈடு வேண்டாம். கீழ்நாட்டான் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும். அவ்வளவுதான்.

நிலைய மேலாளர் லெஷெக்கை அழைத்தார்.

"டிசம்பர்ல ஒப்பந்தம் புதுப்பிக்கணும். புகார் முடியாம நிக்கிற ஆளுக்கு நான் கையெழுத்து போட முடியாது, தெரியுமில்ல? போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க, முடிஞ்சது."

வேறு யாராக இருந்தாலும் அன்று மாலையே போயிருப்பார்கள். லெஷெக் காப்பீட்டு முகவர் கிரஜீனாவுக்குப் போன் செய்தார்.

"துணிமணிக்கெல்லாம் காப்பீடு இல்லீங்க," என்றாள் கிரஜீனா. "உடம்புக்கு மட்டுந்தான். கால்சட்டைக்குப் பதிலா காலையே வெட்டியிருந்தீங்கன்னா மறுபேச்சில்லாம பணம் வந்திருக்கும்."

"பணம் யாரும் கேக்கலம்மா. மன்னிப்புதான் கேக்கறாரு. கேட்டுட்டு வந்துடட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம் சார்! அந்தக் கால் கொஞ்சம் குட்டையாயிடுச்சுன்னு பேச்சு இருக்கு. நீங்க தப்புன்னு சொல்லிட்டா, எந்தத் தப்புன்னு அவங்க வக்கீல் முடிவு பண்ணிக்குவாரு. அப்புறம் கம்பெனி கை கழுவிடும். நிபந்தனையிலயே இருக்கே, படிக்கலையா?"

படிக்கவில்லையா! மொத்த நிலையத்துக்கும் அதைப் படித்துக் காட்டியவர் அவர்.

வீட்டில் ஹன்கா முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள். "மன்னிப்பு கேக்கக்கூட கம்பெனி அனுமதி வேணுமாக்கும்? அதான் கல்யாணமான நாள்லேர்ந்து எங்கிட்ட ஒரு தடவகூட கேட்டதில்லையா? நான்கூட திமிருன்னு நெனச்சேன்."

"விளையாடாத ஹன்கா. வேலை போயிடும்."

"கேட்டா கம்பெனி போயிடும், கேக்கலேன்னா வேலை போயிடும். நல்லா மாட்டிக்கிட்டீங்க. உப்பு போதுமா பாருங்க."

கம்பெனியின் சட்டப் பிரிவு பல நாள் யோசித்து ஒரு வாக்கியத்தை அனுப்பிவைத்தது. இதைச் சொல்லலாம், இதற்கு மேல் ஒரு எழுத்தும் கூடாது. லெஷெக் அதை மனப்பாடம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கசகசா கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் உதடு அசைய மலையேறினார். எதிரே வந்த ஒரு கிழவி, ஜெபம் செய்கிறார் என்று எண்ணிச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

தில்கா அடுப்போரமாகக் காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. லெஷெக் நின்றபடியே ஒப்பித்தார்:

"தங்களது உடைமைக்கு நேர்ந்த நிகழ்வு குறித்துத் தங்களுக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய உணர்வுகளை நாங்கள் புரிந்துகொள்கிறோம்."

தில்கா அவருக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார்.

"நாங்கன்னா யாரு? உம் பின்னால யாராவது நிக்கிறாங்களா?"

"இல்ல, பெரியவரே. நான் மட்டுந்தான்."

"நேர்ந்ததுன்னா? கத்தரிக்கோல் தானா நடந்து வந்துச்சா?"

"அதாவது... அன்னிக்கு இருந்த சூழ்நிலை..."

"சூழ்நிலையா? அவனை எனக்குத் தெரியாதே. எந்த ஊர்க்காரன்?" கேக் டப்பாவைக் கையால் தள்ளினார். "இதை அவனுக்கே குடுத்துடு."

உள்ளறையிலிருந்து தில்காவின் மனைவி அந்தக் கால்சட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். "பாருங்க தம்பி. என்னால முடிஞ்ச மட்டும் தெச்சுப் பாத்தேன்."

லெஷெக் குனிந்து பார்த்தார். இதயத்தின் இரண்டு பாதியும் சேரவில்லை. ஒன்று ஒரு விரல் உயரம் மேலே ஏறி நின்றது. வெட்டிய கோடு, குடிகாரன் வீடு திரும்பிய வழிபோலக் கோணல்மாணலாக ஓடியது. தன் கை நடுங்காது என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை தள்ளி, மேலிருந்து கீழே வரை, தையல் நேராக ஓடியது. தையல் வழியாகப் போயிருந்தால் அதே நேரத்தில் வெட்டி முடித்திருக்கலாம். இப்போது தைத்து மூடவும் முடிந்திருக்கும். எந்த வக்கீலும் விளக்கவேண்டாத அளவுக்கு அது தெளிவாக இருந்தது.

சட்டப் பிரிவின் வாக்கியம் அவருக்கு அடியோடு மறந்துபோனது.

"தப்புதான், பெரியவரே," என்றார். "தையல் இங்கயே இருந்திருக்கு. யெண்ட்ரெக்கும் கத்தினான். நான் பயத்துல பாக்கல. உங்க கல்யாணத் துணியை நான்தான் கெடுத்தேன். மன்னிச்சிடுங்க."

தில்கா தாடையைச் சொறிந்தார்.

"அப்ப காலு?"

கிரஜீனா சொன்ன இடம் இதுதான். ஆனால் வாய் திறந்தபின் மூடுவது கஷ்டமாக இருந்தது.

"காலுக்கு நான் செஞ்சது சரி. நாளைக்கே நீங்க மறுபடி விழுந்தாலும் அப்படித்தான் இழுப்பேன்."

"அது எனக்குத் தெரியாதா? காலைப் பத்தி எவன்யா புகார் குடுத்தான்?" தில்கா மனைவியின் பக்கம் திரும்பினார். "ஏ, அந்த பிளம் சாராயத்தை எடு. இவன் நிக்கிறதைப் பாத்தா கீழே விழுந்துடுவான் போல இருக்கு. விழுந்தா அள்ளிட்டுப் போக ஆளு கிடையாது. அந்த ஆளே இவன்தான்."

திங்கட்கிழமை புகார் திரும்பப் பெறப்பட்டது. டிசம்பரில் மேலாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கம்பெனியிடம் லெஷெக் எதுவும் சொல்லவில்லை, கம்பெனியும் கேட்கவில்லை.

ஆனால் தில்கா வாயை மூடிக்கொண்டிருப்பவர் இல்லை. கீழ்நாட்டான் நேரில் வந்து, நிமிர்ந்து நின்று, ஒழுங்காக மன்னிப்புக் கேட்டான் என்று பால் கூட்டுறவுச் சங்கத்தில் சொன்னார், சந்தையில் சொன்னார், தேவாலய வாசலிலும் சொன்னார். அவர் சொன்னது பாராட்டுத்தான். ஊர் அதை அறிவிப்பாக எடுத்துக்கொண்டது.

முதலில் ஒரு தச்சர் வந்தார், எப்போதோ லெஷெக் வெட்டிய பூட்ஸ் ஒன்றோடு. பிறகு பனிச்சறுக்கு ஆசிரியை ஒருத்தி. அவளுடைய வாத்து இறகு ஜாக்கெட்டை வெட்டியபோது ஆம்புலன்ஸ் முழுக்க இறகு பறந்து, தும்மியபடியே அவளுக்கு ஊசி போட்டது லெஷெக்குக்கு நன்றாக நினைவிருந்தது. இருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். ரொட்டிக்கடையில் ஒரு மன்னிப்பு, பேருந்து நிறுத்தத்தில் ஒரு மன்னிப்பு. யெண்ட்ரெக் வண்டியின் ஜன்னலை இறக்கிவிட்டு, "அடுத்த ஆள் வரலாம்!" என்று கூவ ஆரம்பித்தான். இத்தனை வருடத்தில் தான் தொட்ட உடம்புகளைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்ல வரவில்லை, அத்தனை பேரும் துணிக்காகவே வந்தார்கள் என்பதை லெஷெக் மெதுவாகத்தான் கவனித்தார். இவ்வளவு காலம் காப்பீட்டுக்குப் பணம் கட்டிக் காப்பாற்றி வைத்ததெல்லாம் யாரும் கேட்காத பொருளை.

பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில், தபால் நிலைய வரிசையில், ஒரு பருத்த அம்மாள் அவர் தோளைத் தட்டினாள். மூன்று குளிர்காலத்துக்கு முன் அவளுக்கு நெஞ்சுவலி வந்தபோது போனது அவர்தான்.

"என்னைத் தெரியுதா?"

"தெரியுதும்மா." அவர் காது சிவந்தது. அன்று வெட்டியது எது என்பதும் நினைவுக்கு வந்துவிட்டது. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. "அன்னிக்கு உங்க... உள்ளாடையை வெட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

"ஐய, அது பழசு. நீங்க வெட்டலேன்னா நானே தூக்கிப் போட்டிருப்பேன்."

"அப்புறம் எதுக்கும்மா?"

"ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்டீங்களாமே. நான் மட்டும் என்ன இளப்பமா?" என்றாள் அவள். பிறகு வரிசையில் அவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.