திரைக்குப் பின்னால் நின்ற கட்டைக்குரல்

போன வாரம் மகளின் கார் டயரில் ஆணி ஏறிவிட்டது. இங்கே டெக்சாஸில், ரிச்சர்ட்சன் யுனிவர்சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு டயர் கடை. காத்திருப்பவர்களுக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி, காலையில் போட்டு மத்தியானம் வரை கொதித்த காபி, அலமாரி மேல் ஒரு பழைய ரேடியோ. அதில் திடீரென்று நாலு பையன்கள் சேர்ந்து பாடுகிற ஒரு பாட்டு வந்தது. வாத்தியம் அதிகமில்லை. ஒருத்தன் மேலே இழுத்துக்கொண்டு போக, இன்னொருத்தன் அடியில் 'டம், டம், டம்' என்று படி இறங்குகிறான். நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரிவதற்குள் நானும் அவனோடு இறங்க ஆரம்பித்துவிட்டேன். நல்ல சத்தமாகத்தான் போலிருக்கிறது. டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வாப்பா, ப்ளீஸ். பீப்பிள் ஆர் லுக்கிங்," என்றாள் மகள். பிறகு அவளே போனை ரேடியோ பக்கம் நீட்டி யார் பாடுகிறார்கள் என்று தேடினாள். அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு பெயர் வந்தது. "ஹூ ஆர் தீஸ் பீப்பிள்?"

"அந்த மாதிரி ஒரு குரூப்ல நானும் பாடியிருக்கேன்மா," என்றேன்.

சிரித்துவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினாள். அப்பா ஜோக்கடிப்பதாக நினைத்திருப்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்டால் எனக்கே ஜோக் மாதிரிதான் இருக்கிறது. உங்களுக்காவது முழுசாகச் சொல்கிறேன்.

டயர் கடையில் ஒரு ரப்பர் வாசனை இருக்குமே, அதே வாசனை, அமெரிக்கா வந்த புதிதில் பார்சிப்பனி என்ற ஊரில் நான் முதலில் வேலை பார்த்த ஆபீஸின் மெயில் ரூமில் இருந்தது. பார்சல் தள்ளிவரும் வண்டிகளுக்காகத் தரை முழுக்க ரப்பர் பாய் போட்டிருப்பார்கள். அங்கே வேலை பார்த்தவர் ரேமண்ட். நாங்கள் ரே என்போம். தபால் துறையில் ரிட்டயர் ஆகி, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்து சேர்ந்தவர். அறுபதைத் தாண்டிய கறுப்பர், நெவார்க்கில் பிறந்து வளர்ந்தவர். தினமும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் வருவார்.

என் குரலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மற்ற பையன்களுக்கெல்லாம் பதினாலு வயதில் குரல் உடைந்தது. எனக்கு இடிந்து விழுந்தது. அதிராம்பட்டினத்தில் பள்ளிக்கூடத்தில் நான் "உள்ளேன் ஐயா" என்றால், கடைசி பெஞ்சில் யாராவது பெரிய மனிதர் வந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று வாத்தியார் எட்டிப் பார்ப்பார். கல்யாணம் பேசுகிற சமயத்தில் பெண் வீட்டுக்கு போன் போட்டேன். என் மாமனார், "சரிங்க, மாப்பிள்ளைகிட்ட குடுங்க," என்றார். குரலுக்கு ஏற்ற உடம்பு இருந்தால் பரவாயில்லை. அமெரிக்கா வந்தபோது ஐம்பத்திரண்டு கிலோ. குளிர்கால ஜாக்கெட் மாட்டினால் ஜாக்கெட் தனியாக நடந்து போகிற மாதிரி இருக்கும்.

ஒருநாள் நான் போனில் கான்ஃபரன்ஸ் காலில் பேசிக்கொண்டிருந்தேன். ரே தபாலோடு வந்தவர் அப்படியே நின்றார். என் க்யூபிக்கிளுக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு மேஜைக்கு அடியில் பார்த்தார். நான் போனை வைத்ததும், "டம் சொல்லு," என்றார்.

அவர் பேசியது இங்கிலீஷில்தான், எனக்குள் எப்போதோ அதெல்லாம் தமிழாகிவிட்டது. ஆனால் அந்த 'டம்' மட்டும் இங்கிலீஷில் என்ன அர்த்தம் தரும் என்று உங்களுக்குத் தெரியும். முட்டாள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். விசாவில் இருந்தவன், யார் எது சொன்னாலும் முதலில் சிரித்துவைப்பது பழக்கம். சிரித்தேன். மறுநாளும் வந்தார். "டம் சொல்லு. அடியிலேருந்து." மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், "சார், நான் எம்.சி.ஏ. படிச்சிருக்கேன்," என்றேன். ரே சிரித்த சிரிப்பில் தபாலெல்லாம் தரையில் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ரேவும் அவர் தெருப் பையன்கள் மூன்று பேரும் பதினாறு வயதில் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். தெருவிளக்குக்குக் கீழே நின்று பாடியதால் 'தி லாம்ப்டோன்ஸ்' என்று பெயர். ஒரே ஒரு ரெக்கார்டு போட்டார்கள். ஒரு கோடைகாலம் முழுக்க உள்ளூர் ரேடியோவில் ஓடியது. விளம்பரத் தாளில் இவர்கள் படம் கிடையாது. மில்க் ஷேக் குடிக்கிற இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படம். அடுத்த மாதமே, நன்றாகத் தலை சீவிய ஒரு வெள்ளைக்காரப் பையன் அதே பாட்டைப் பாடி, அதுதான் நாடு முழுக்க ஓடியது. "அந்தப் பையனையும் இன்னிக்கு யாருக்கும் தெரியாது," என்றார் ரே. அதில் அவருக்கு சந்தோஷம் இருந்த மாதிரி தெரியவில்லை.

ரேவுக்கு என்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பாட்டுக்காரர்கள் ஒன்றுகூடி, ஒரு சிற்றூரின் தீயணைப்பு நிலைய ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடப் போகிறார்கள். லாம்ப்டோன்ஸில் ரேவும், அண்ணன் தம்பி இரண்டு பேரும் தயார். நாலாவது ஆள் கிளாரன்ஸ், கட்டைக்குரல்காரர், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. டாக்டரைப் பார்க்கப் போவதைத் தவிர ஒரு வருஷமாக அவர் வீட்டை விட்டு இறங்கவில்லை.

"மேடையில சும்மா வந்து நில்லுன்னேன். கோட்டு மாட்டுற ஸ்டாண்டா நான்னு எழுதிக் காட்டுறான்," என்றார் ரே. "அவன் வாயசைக்கட்டும். நீ திரைக்குப் பின்னால நின்னு பாடு. ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்கு இங்கிலீஷ் பாட்டு வராதே. ஆக்சன்ட் காட்டிக்கொடுத்துடும்."

"டம்முக்கு ஏது ஆக்சன்ட்?"

ஒத்துக்கொண்டேன்.

ஆபீஸின் பின்பக்கப் படிக்கட்டில் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒத்திகை. கான்கிரீட் சுவர், நல்ல எதிரொலி. என் பகுதியைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதிவைத்துக்கொண்டேன். 'டம் டிப்பி டம் டம், டுவா.' கீழே அடிக்கோடு போட்டு 'இங்கே மூச்சு'. வீட்டில் பாத்ரூமில் பழகுவேன். எங்கள் அபார்ட்மென்டில் நாலு பேர் குடியிருந்தோம். "எவன்டா உள்ள மோட்டார் போட்டது?" என்று கதவைத் தட்டுவான் ஒருத்தன். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சளி என்று சொல்லிவைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவன் அக்கறையாக இருமல் மருந்து வாங்கி வந்தான்.

சனிக்கிழமைகளில் ரே என்னைக் கிளாரன்ஸ் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஆறடிக்கு மேல் உயரம், கழுத்தில் ஒரு துணி சுற்றியிருப்பார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரேவைப் பார்த்த பார்வையில் 'இதுவா?' என்பது எழுதாமலே தெரிந்தது. எப்போதும் கையில் ஒரு சின்ன நோட்டு. நான் முதல் தடவை பாடி முடித்ததும் அதில் பெரிய எழுத்தில் 'டூ எர்லி' என்று எழுதிக் காட்டினார். எனக்குப் பதற்றத்தில் ஒரு தாளத் தட்டு முன்னாலேயே வாய் திறந்துவிடும். மறுபடி பாடினேன். மறுபடி அதே. ஒரு மாதத்தில் புதுத் தாள் வீணாக்குவதை விட்டுவிட்டார். நோட்டை அதே பக்கத்தில் திறந்தே வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நோன்பு மாதம். டிசம்பர், சூரியன் நாலரைக்கே போய்விடும். எங்கள் பாட்டு நாலு மணிக்கு. தண்ணீர் இல்லாத தொண்டையோடு, மடக்கு நாற்காலி அடுக்குகளுக்கும் சுருட்டிவைத்த ரப்பர் ஹோஸுக்கும் நடுவில், நீலத் திரைக்குப் பின்னால் ஒரு மைக்கோடு நின்றேன். திரையில் ஒரு கிழிசல். அதில் கிளாரன்ஸின் முதுகு மட்டும் தெரிந்தது. கருஞ்சிவப்புக் கோட்டு.

முதல் பாட்டு சொன்னால் நம்பமாட்டீர்கள், அருமையாகப் போனது. அவர் முதுகு விரிந்தால் நான் பாடுகிறேன், சுருங்கினால் நிறுத்துகிறேன். ஹாலில் இருந்த நூறு பேரையும் ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரு கர்வம். அந்தக் கர்வத்தோடுதான் இரண்டாவது பாட்டுக்குப் போனேன், அதுதான் அவர்களுடைய ரெக்கார்டு பாட்டு. நடுவில் எல்லோரும் சட்டென்று நிறுத்துவார்கள். நாலு தட்டு மௌனம். பிறகு கட்டைக்குரல் மட்டும் தனியாக இறங்க வேண்டும். அந்த நாலு தட்டில் கிளாரன்ஸ் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். வாயை மூடிய கைக்குட்டை, நிசப்தமான ஹால். நான் மூன்றாவது தட்டிலேயே இறங்கினேன்.

'டம் டிப்பி டம் டம்.'

பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த மனிதரை ஒரு வருஷம் கழித்து வெளியே கூட்டிவந்து ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன். அடுத்து ஹாலே சிரித்தது. கிழிசல் வழியாகப் பார்த்தேன். கிளாரன்ஸ் கைக்குட்டையை அவசரமில்லாமல் மடித்தார், பையில் வைத்தார், திரை பக்கம் திரும்பி ஒரு விரலை நீட்டி ஆட்டினார். சிரிப்பு இன்னும் பெரிதானது. அவர் முன்னால் திரும்பிக் கையைத் தூக்கி விரல்களால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வாயைத் திறந்தார். நான் பாடினேன். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் ஒரு தடவை சரியான தட்டில் பாடினேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பாட்டு முடிந்தும் நான் வெளியே வரவில்லை. நாற்காலி அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். கிளாரன்ஸின் மனைவி கேக் தட்டோடு தேடிக்கொண்டு வந்தார்.

"இங்க என்ன பண்றே?"

"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

"கண்ணு, அவருக்கு ஆபரேஷன் ஆனப்ப இந்த ஹால்ல பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாங்க. மீதிப்பேர் வீட்டுக்கு சாப்பாடு கொண்டுவந்தாங்க. நீ யார்கிட்ட மறைச்சே?"

நூறு பேரை நான் ஏமாற்றியதாக நினைத்தேன். அந்த நூறு பேரும் சேர்ந்து என்னை ஒன்றும் தெரியாத மாதிரி பாடவிட்டிருக்கிறார்கள்.

கேக்கை வாங்காமல் நின்றதால் நோன்பு பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. நோன்பு திறக்க இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. அதற்குள் கிளாரன்ஸ் வந்து சேர்ந்தார். மனைவி சொன்னதைக் கேட்டுத் தன் தட்டையும் கீழே வைத்துவிட்டு, மடக்கு நாற்காலி ஒன்றை விரித்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு டம்ளரில் தண்ணீர் வந்தது. நான் நேரம் சரியாகப் பார்க்காமல் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தடுத்துத் தன் கடிகாரத்தைக் காட்டினார், இன்னும் இரண்டு நிமிஷம். பிறகு நோட்டைத் திறந்து காட்டினார். 'டூ எர்லி.'

சத்தமில்லாமல் உடம்பு குலுங்கச் சிரித்தார். நேரம் ஆனதும் அவரே டம்ளரை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் எனக்கு டெக்சாஸில் வேலை கிடைத்தது. கல்யாணம், கிரீன் கார்டு, குழந்தை, டேகேர் என்று நாள்கள் ஓடின. பெருநாளுக்கு ரே போன் பண்ணுவார், கிறிஸ்துமஸுக்கு நான் பண்ணுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை எந்தப் பண்டிகையும் இல்லாமல் அழைத்தார். கிளாரன்ஸ் போய்விட்டார். சனிக்கிழமை சர்ச்சில் இவர்கள் பாடப் போகிறார்கள்.

"வர முடியுமா? இந்தத் தடவை முன்னால நிக்கலாம்."

அந்த சனிக்கிழமை எங்கள் ஆபீஸில் ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் இருந்தது. நான் இல்லாவிட்டால் நடக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரேவிடமும் அதைத்தான் சொன்னேன். "புரியுது," என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். திட்டியிருந்தால் ஒருவேளை கிளம்பியிருப்பேன். மூன்று பேராகப் பாடினார்களாம். கட்டைக்குரல் வரும் இடத்தில் நாலு தட்டு சும்மா நின்றுவிட்டு மேலே போனார்களாம்.

பிறகு அண்ணன் போனார், தம்பி போனார். ரேவின் நம்பரை நாலு வருஷத்துக்கு முன்னால் அழைத்தபோது வேறு யாரோ எடுத்தார்கள். பார்சிப்பனி ஆபீஸை இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நண்பன் சொன்னான். அவர்கள் ரெக்கார்டை எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. தலை சீவிய அந்தப் பையன் பாடியதுகூடக் கிடைக்கவில்லை.

நான் இல்லாமல் நடக்காது என்று உட்கார்ந்திருந்தேனே, அந்த ப்ரோக்ராமை மறு வருஷமே தூக்கிப் போட்டார்கள். அது என்ன வேலை செய்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. கிளாரன்ஸின் பகுதி மட்டும் மூச்சு விடும் இடம் உட்பட மனப்பாடமாக இருக்கிறது. ஆனால் அது தனியாகப் பாடுகிற பகுதி இல்லை. மேலே பாட மூன்று பேர் வேண்டும்.