காய் வரட்டும்

வெர்லீன் ஹாப்ஸ் பூதக்கண்ணாடியில் எச்சில் தொட்டு, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு, பாறைமேல் குப்புறப் படுத்துவிடுகிறாள். அறுபத்தொரு வயது. தெற்கு மிசௌரியின் சுண்ணாம்புப் பாறை மேடுகளில் தபால் வண்டி ஓட்டுகிறாள். கதவு திறந்தபடி வண்டி நடுச்சாலையில் உறுமிக்கொண்டிருக்கும். புல்லுக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எந்த மஞ்சள் பூவைக் காட்டினாலும் ஒரே பதில்தான். "காய் வரட்டும், சொல்றேன்."

பட்டறிவு அப்படி. ஒன்பது வருடத்துக்கு முன் நான்கு இதழைப் பார்த்த அவசரத்தில், இந்தச் சுண்ணாம்புப் பாறைகளைத் தவிர வேறெங்கும் முளைக்காத குமிழிப்பூ என்று சாதித்து, பக்கத்து நிலத்துக்கார டுவைட் போட்டுக்கொண்டிருந்த ஜல்லிப் பாதையை நிறுத்திவிட்டாள். குமிழிப்பூ என்றால் காய் உருண்டையாக இருக்கும்; இந்தச் செடி நீளநீளமாகக் காய்த்தது. வெறும் காட்டுக்கடுகு. டுவைட் கிண்டலை இன்னும் விட்டபாடில்லை.

"என்ன வெர்லீன், என் கடுகை நலம் விசாரிக்கலையே?"

"விசாரிக்கிறேன், முதல்ல உன் தபாலைப் பிடி."

இந்த வசந்தத்தில் மகன் கர்ட்டிஸ் வந்தான். பன்னிரண்டு வருடம் வெளியூரில் இருந்துவிட்டு, இப்போது மனைவி மகளோடு அம்மா பக்கத்திலேயே வீடு கட்டிக்கொள்ள ஆசை. வெள்ளம் ஏறாத சமதளம் கொல்லைப் பாறை மேடுதான். ஆரஞ்சு நாடா கட்டி நான்கு முளைக்குச்சி அடித்தான். குச்சிகளுக்கு நடுவே மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது.

"கடுகுதானேம்மா?"

"காய் வரட்டும்டா."

"ஜூன் தாண்டிட்டா கட்டுறதுக்கு ஆளு கிடைக்காது. அப்புறம் நாங்க அங்கேயே இருந்துக்க வேண்டியதுதான்."

பேத்தியை வருடத்துக்கு இரண்டு முறைதான் பார்க்கிறாள். இது கடுகாகவே இருக்கட்டும் என்று வெர்லீன் வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டாள். தினமும் வேலை முடிந்ததும் போய்ப் படுத்துப் பார்த்தாள்.

மேட்டில் இன்னொரு சமதளமும் உண்டு. அவளுடைய தக்காளித் தோட்டம். மொட்டைப் பாறைமேல் இருபது வருடமாக வாளி வாளியாக ஆற்று மண்ணைச் சுமந்து கொட்டி உண்டாக்கியது. அதைக் கேட்க கர்ட்டிஸுக்கு வாய் வரவில்லை.

மே கடைசியில் காய் வந்தது. மிளகளவு, உருண்டை. ஒன்றை விரலிடையில் நசுக்கினாள். டிக்கென்றது.

"என்னம்மா?"

"குமிழிப்பூவேதான்டா."

கர்ட்டிஸ் தலையாட்டிவிட்டுச் சட்டைப்பையில் கார் சாவியைத் தேடினான்.

வெர்லீன் நான்கு குச்சிகளையும் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். மூலையில் பூவிட்டு நின்ற தக்காளிச் செடியை வேரோடு எடுத்து ஓரமாக வைத்தாள். அந்தக் குழியில் முதல் குச்சியை நிறுத்தி, கல்லால் ஓங்கி அடித்தாள்.