மீன்காரி படம்

பழவேற்காடு ஏரித் தீவான பசியாவரத்து நீலமேகம் ஏரியிலேயே வளர்ந்தவன். மீசை அரும்பிய வயதில், வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது திருக்கை முள் வலது கையில் ஏறிவிட்டது. புண் ஆறியது, விரல்கள் மடங்கவில்லை. வலை இழுக்க முடியாமல் போகவே, பழவேற்காட்டில் ஓர் ஒல்லாந்து வணிகர் வீட்டில் காவலுக்குச் சேர்ந்தான்.

அந்த வணிகருக்குப் படங்கள் என்றால் உயிர். இங்கிருந்து துணி ஏற்றிப் போன கப்பல்கள் திரும்பும்போது அவருக்கென்று படங்கள் கொண்டுவரும். மாடியில் நீளமான கூடம் முழுக்கச் சட்டமிட்ட படங்கள். தை பிறந்ததும் அவற்றை இடம் மாற்றி மாட்டி, புதிதாக வந்தவற்றைச் சேர்த்து, சில நாள் ஊராருக்குத் திறந்துவிடுவார். கீழே தாழ்வாரத்தில் அவர் மனைவி பலகையும் கரித்துண்டும் வைத்திருப்பாள். ஆசைப்பட்டவர்கள் உட்கார்ந்து வரையலாம். யாரும் படத்தைத் தொட்டுவிடாமல் பார்ப்பது நீலமேகத்தின் வேலை.

ஒரு தையில் மீன்கூடையோடு கோவிந்தம்மா வந்தாள். கூடையை வாசலில் வைக்கச் சொன்னான். உள்ளே வந்தவள், ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். அதில் வெள்ளைக்காரி ஒருத்தி பலகை மேல் மீன் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். எதிரில் பேரம் பேசும் ஒருத்தி.

"இவ இன்னா வெல சொல்றா?" என்று கேட்டாள் கோவிந்தம்மா.

"படம்மா அது. எனக்கு எப்படித் தெரியும்?"

"மொகத்தப் பாருய்யா. குடுக்கவே மனசில்லாம நிக்கிறா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீலமேகமும் அந்த முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தான். மறுநாள் அவள் அப்பாவையும் அழைத்து வந்தாள். "நைனா, அவங்க ஊர்லயும் மீன் விக்கிறது பொம்பளதான், பாரு" என்றாள். கீழே போய்ப் பலகையில் ஒரு மடவை மீன் வரைந்தாள். வால் மட்டும் சரியாக வரவில்லை என்று துடைத்துத் துடைத்துப் போட்டாள். அடுத்த தைக்குள் அவளுக்கும் நீலமேகத்துக்கும் கல்யாணம் முடிந்திருந்தது.

சில வருஷம் கழித்து, ஆங்கிலேயர் கோட்டையைப் பிடிக்க வருகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. வணிகர் ஊரைவிட்டுக் கிளம்பினார். நீலமேகமே படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, துணி சுற்றி, வைக்கோல் வைத்துக் கட்டினான். முகத்துவாரம் தாண்டிக் கப்பல்வரை படகில் கூடவே போனான். திரும்பி வந்தவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

அதன்பின் இருவரும் சேர்ந்தே ஏரிக்குப் போனார்கள். அவன் இடது கை பலத்தில் கோல் ஊன்றிப் படகைத் தள்ள, அவள் வலை இழுப்பாள். மீன் படாத நேரங்களில் பேச்சு அந்தக் கூடத்துக்குப் போய்விடும்.

"பேரம் பேசுறவ நீலப் பாவாடதானே போட்டிருந்தா?"

"கறுப்பு. தெனம் பார்த்தவன் சொல்றேன்."

"தெனம் நீ சனத்தப் பார்த்த. படத்த நான் பார்த்தேன்."

இருவருக்கும் தலை நரைத்த பிறகு, பிடித்த கோட்டையை ஆங்கிலேயர் திருப்பிக் கொடுக்க, ஒல்லாந்தர் திரும்பி வந்தார்கள். புதிதாக வந்த ஒருவர் தன் வீட்டுப் படங்களை ஊராருக்குக் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டு இருவரும் போனார்கள். கோவிந்தம்மா எல்லாச் சுவரையும் சுற்றி வந்தாள். மீன்காரி இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நம்மளது இல்ல."

"புதுசா கப்பல் வரும்ங்கிறாங்க. வந்தா பார்க்கலாம்."

அடுத்த தையிலும் போனார்கள். அப்போதும் அது வரவில்லை. ஆனால் மழையில் நனைந்தபடி மரத்தடியில் நிற்கும் ஒரு பசுவின் படம் வந்திருந்தது. கோவிந்தம்மா அதன் முன்னால் நின்றவள் நகரவே இல்லை. நீலமேகத்துக்கு முழங்கால் வலித்தது. காவல்காரனிடம் கேட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து, அவள் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.