டப்ளினுக்கு லீவு, என் தலை தீபாவளி போச்சு

அக்டோபர் 30, 2000, திங்கள், காலை 8:10. டப்ளின் ஆபீசுக்கு ஆறு மெயில் அனுப்பிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

"அங்க இன்னைக்கு பேங்க் ஹாலிடேப்பா, ஊருக்கே லீவு! ஹாலோவீன் சீசன். ரொட்டிக்குள்ள மோதிரம் வச்சு வெட்டுவாங்க. கிடைச்சவங்களுக்குச் சீக்கிரம் கல்யாணமாம்" என்று சிரிக்கிறார் மேனேஜர் வெங்கட்.

"திங்கக்கிழமை டப்ளின்காரங்க டெஸ்ட் பண்ணணும், லீவு கிடையாது" என்று வியாழக்கிழமை முதல் சனி, ஞாயிறு சேர்த்து என்னை இந்த ரவுண்ட் ராக் ஆபீசிலேயே உட்கார வைத்தவரும் இவர்தான்.

அந்த வியாழக்கிழமை எனக்குத் தலை தீபாவளி. மனைவி மட்டும், வண்டியில் மூணு மணி நேரத் தூரத்தில் கேட்டி என்ற ஊரிலிருக்கும் மாமனார் வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளைக்கென்று வாங்கிய மோதிரம் இன்னும் பெட்டியில் கிடக்கிறது.

இனி நான் செய்யப்போவது:

1. வெங்கட்டிடம் கேட்காமல் இப்போதே கேட்டிக்குக் கிளம்புவது.
2. ரொட்டி வெட்டாமலே மோதிரத்தை வாங்கிக்கொள்வது.
3. நாலு நாள் லேட்டுக்கு மாமியாரிடம் என்ன சொல்வதென்று உங்களைக் கேட்பது. சீக்கிரம் சொல்லுங்கள், வண்டிச் சாவி கையில் இருக்கிறது.