பச்சை விளக்கை நம்பாதவர்

புதிதாக வாங்கிய பேட்டரி எதுவானாலும் முதலில் சமையலறைத் தராசில் ஏற வேண்டும். அதன் பிறகுதான் மேசைக்கு வரலாம். தட்டில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு நம்மவர் நான்கு செல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறார். மூன்று ஒரே எடை. நான்காவது கொஞ்சம் இளைத்திருக்கிறது. "இருக்கட்டும், இன்னொரு தடவை பாத்துடுவோம்" என்று தராசைத் திருப்பி வைத்து மறுபடி நிறுக்கிறார். தராசையும் அப்படியே நம்பிவிடக் கூடாது பாருங்கள்.

ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் வெளிவாசலில் நின்று பில் பார்ப்பது அவர் வேலை. பையை ஒரு பார்வை, பில்லை ஒரு பார்வை, ஆளை ஒரு பார்வை. பிறகு பில்லில் ஓட்டை போட்டுக் கொடுப்பார். கடையில் எல்லோருக்கும் அவர் 'செக்கிங் அண்ணன்'. ரொட்டிக்கு அடியில் ஷாம்பூ ஒளிந்திருந்தால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். சிரித்துக்கொண்டே வருகிறவர்களிடம் கூடுதலாக ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வார். சீருடையை மட்டும் கடையில் கழற்றி மாட்டிவிட்டு, கண்ணை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவதுதான் கோளாறு.

வீட்டில் அவருக்கு ஒரு ரோபோ இருக்கிறது. டிபன் டப்பா அளவு. நாலு சக்கரம், இரண்டு மோட்டார், முன்னால் சுவரைக் கண்டால் திரும்பிக்கொள்ள ஒரு கண். விடுமுறை நாட்களில் உட்கார்ந்து தானே கட்டியது. அவருடைய அக்கா அதற்கு மூஞ்சூறு என்று பெயர் வைத்திருக்கிறாள். மூஞ்சூறு கூடத்தைச் சுற்றி வரும், நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்து வரும். சமையலறை வாசலில் விரல் உயரத்துக்கு ஒரு படி உண்டு. அங்கே வந்ததும் மோட்டார்கள் மூச்சுப் பிடித்து இருக்கிற மின்சாரம் முழுவதையும் உறிஞ்சிவிடும். மூளைக்கு ஒன்றும் மிஞ்சாது. மயங்கி, விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றும். அந்த ஒரு படியை ஏற வைக்கிற பேட்டரியைத்தான் செக்கிங் அண்ணன் தேடிக்கொண்டிருக்கிறார்.

தேடலில் பலர் கைதாகியிருக்கிறார்கள். செல்போனுக்குச் சார்ஜ் போடும் பவர் பேங்க், ரோபோ சும்மா நின்றபோது எடுத்த துளி மின்சாரத்தை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தானாக அணைந்துவிட்டது. "யாருமே இல்லேன்னு நெனச்சுக்குது. அப்ப நான் யாரு?" என்று அதை அலமாரிக்குள் தள்ளினார். அடுத்து வந்த தடித்த லித்தியம் செல் ஒன்றின் மேல் நம்ப முடியாத பெரிய எண் அச்சாகியிருந்தது. தராசில் பஞ்சாக இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரல் அளவு செல், சுற்றிலும் வெள்ளைப் பொடி. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொட்டினார்.

"என்னண்ணே, பேட்டரியைப் போய் யாராவது அறுப்பாங்களா? தீப்பிடிச்சிருந்தா?"

"பிடிக்கறதுக்கு உள்ள ஏதாவது இருந்தாத்தானே!"

அன்றிலிருந்து அவர் தெரு முனையில் தெரிந்தாலே கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.

பிறகு ரீசார்ஜ் செய்கிற நிக்கல் செல்கள். நான்கு சேர்ந்து வேலை செய்யும்போது ஒன்று சோம்பேறியாக இருந்தால் மற்ற மூன்றும் அதைப் போட்டு மிதித்துவிடும் என்பதால், செட் கலந்துவிடாமல் அக்காவின் நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தார். அப்படியும் ஒருநாள் சிவப்புப் பொட்டு ஒன்று டி.வி. ரிமோட்டுக்குள் பிடிபட்டது. "பாட்டு கேட்கணும்னு தோணுச்சு, அதுக்கு ஒரு விசாரணையா?" என்றாள் அக்கா. அவர் ரிமோட்டையே தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அக்காவுக்கு ஐம்பது நெருங்குகிறது. அப்பா, அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். ஒரு ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் கவுன்ட்டரில் உட்கார்கிறாள். அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேரும் இந்த இரண்டு அறை வீட்டில் காலத்தை ஓட்டிவிட்டார்கள். போன மாதம் துணி மடித்துக்கொண்டே அக்கா குண்டைப் போட்டாள். ஆஸ்பத்திரியில் பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக், மனைவியை இழந்தவர், அவளைக் கேட்கிறாராம்.

"எனக்கும் பிடிச்சிருக்குடா. ஆனா நீ மனசார அவரை மாமான்னு கூப்பிடாம நான் இந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன்."

"இருக்கட்டும், ஒரு தடவை பாத்துடுவோம்."

"அவர் என்ன பேட்டரியா, தராசுல வெச்சுப் பாக்க?"

மெக்கானிக் வந்தார். அளவாகச் சிரித்தார்; அதுவே சந்தேகம். டீயில் சர்க்கரை குறைவாக இருந்தும் நன்றாக இருக்கிறது என்றார். அது இன்னொரு சந்தேகம். நம்மவர் அவரை வார்த்தைக்கு வார்த்தை 'சார்' போட்டே தள்ளி நிறுத்தினார். கிளம்பும்போது மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து தட்டையான லித்தியம் பேட்டரி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "உங்க மூஞ்சூறு படியில மாட்டிக்குதாமே. இதைப் போட்டுப் பாருங்க சார். ஒரே மூச்சுல நெறைய குடுக்கும். ஆனா உப்பிச்சுன்னா தொடாதீங்க."

அவர் தெருவைத் தாண்டும் வரை பொறுத்திருந்து நம்மவர் பேட்டரியைப் புரட்டினார். லேபிளில் கொள்ளளவு 2200 என்று அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் 1500 என்று எழுதியிருந்தது.

"பாத்தியாக்கா? பழசு! யாரோ தூக்கிப் போட்டதைக் கொண்டாந்து நம்ம தலையில கட்டிட்டுப் போறாரு."

அக்கா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த முதுகைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: அந்த ஆள் ஏமாற்றுக்காரராக இருந்துவிட்டால் தேவலை என்று நம்மவருக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது. ஏமாற்றுக்காரர் என்றால் அக்கா போக மாட்டாள்.

பால்கனியில் செடி பட்டுப்போன மண்தொட்டி ஒன்று இருக்கிறது. தீப்பிடித்தாலும் பரவாமலிருக்க அதில் மணலை நிரப்பி, நடுவில் பேட்டரியை வைத்துச் சார்ஜ் போட்டார். எதிரே நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டபோது தட்டு பால்கனிக்கு வந்தது. சிவப்பு விளக்கு பச்சையானதும் மீட்டரை எடுத்துத் தனியாக அளந்தார். "பச்சை எரிஞ்சா ரொம்பிடுச்சுன்னு யார் சொன்னது?" என்பது அவர் கட்சி. உப்பவில்லை. சூடுகூட இல்லை. அதுவும் பிடிக்கவில்லை.

மறுநாள் அக்காவின் பழைய ஸ்கூட்டர் பல்பை அதில் மாட்டி, எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டரில் குறித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டார். எழுதியதில் பாதி வந்தால் அதிகம் என்பது அவர் எண்ணம். பாதி தாண்டியது. பல்பு மங்கவில்லை. அணைந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினார். 1500 வந்தது, இன்னும் கொஞ்சம் தள்ளியே எரிந்தது, அதன் பிறகுதான் மீட்டர் முள் இறங்க ஆரம்பித்தது. பல்பைக் கழற்றிவிட்டு, பேனாவால் எழுதியிருந்த அந்த எண்ணை மறுபடி பார்த்தார். எண்ணைக் கூட்டிப் போடுகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும். தான் கொடுக்கிற பொருளைத் தானே குறைத்து எழுதுகிற ஆளை எந்த வாசலிலும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் மறுபடி வந்தார். நம்மவர் சுற்றி வளைக்கவில்லை.

"சார், எதுக்கு நம்பரை அடிச்சுட்டுக் கம்மியா எழுதியிருக்கீங்க?"

"லேபிள்ல போட்டிருக்கறது பொய் சார். நான் புதுசா வாங்கி ஓட்டிப் பாத்தேன், அவ்வளவுதான் வந்துது. நாற்காலில உக்காந்திருக்கறவங்க நடுரோட்ல நின்னுடக் கூடாதுல்ல? அதனால எந்த பேட்டரி வந்தாலும் அளந்து எழுதிடுவேன். பழகிப்போச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: "நாள் ஆக ஆக இன்னும் குறையும். அப்ப இதையும் அடிச்சுட்டு எழுதிக்க வேண்டியதுதான்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. நம்மவர் பேட்டரியை மூஞ்சூறுக்குள் வைத்துத் தரையில் விட்டார். அது கூடத்தைக் கடந்து படிக்கு வந்தது. மூக்கைத் தூக்கியது. மோட்டார் ஒரு முறை உறுமியது. முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் வழுக்கி, பிடித்து, அதுவும் ஏறியது. மயக்கம் இல்லை, சுற்றல் இல்லை. நேராகப் போய் அக்காவின் காலில் முட்டி நின்றது. அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு தம்பிக்கானது இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றி எடுத்துப்போய் மண்தொட்டியில் வைத்தார். சார்ஜரைச் சொருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது. வழக்கம்போல் நாற்காலியை இழுத்து அதற்கு எதிரே போட்டார். ஆனால் உட்காரவில்லை.

"அக்கா, மாமாவுக்கு இன்னொரு டீ போடு. சர்க்கரை கொஞ்சம் கூடவே போடு."

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பேட்டரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.