தைலம்மாள் வைக்காத கைநாட்டு

வாய்மை எளியோரிடம் வரும்போது, அவர்களிடம் மிஞ்சியிருக்கும் ஒன்றையே விலையாகக் கேட்கிறது. அந்த விலையைக் கொடுத்தவள் மூங்கில்துறைப்பட்டுக்கு அருகே கரும்பு வெட்டிப் பிழைக்கும் தைலம்மாள் என்னும் கைம்பெண்.

அவளுடைய ஒரே மகள் பூமாலை பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்திலேயே முதல்வி. மாநிலப் போட்டியில் முதல் மூவருள் வந்தால் கல்லூரி இடமும் விடுதியும் இலவசம் என்றார் விளையாட்டு ஆசிரியர் கொளஞ்சியப்பன். அதை நம்பி, ஓட்டக்காரர் அணியும் ஆணிக் காலணிக்கும் பயணங்களுக்குமாகக் கொட்டிலில் நின்ற ஒரே கறவைப் பசுவை விற்றாள் தாய்.

ஈராயிரமாம் ஆண்டு, தை மாதம், மாநிலப் போட்டி நடந்த கடலூர் மைதானம். ஓட்டத்துக்கு ஒரு மணி நேரமே இருந்தது. உடன் ஓடவிருந்த ஒரு பெண்ணின் தந்தை பூமாலையின் வயதைப் பற்றிப் புகார் எழுப்பியிருந்தார். பள்ளிப் பதிவில் உள்ள பிறந்த நாள் உண்மையே எனத் தாய் கைநாட்டு வைத்தால் போதும் என்று அதிகாரி தாளை நீட்டினார்.

பிழை பழையது. ஐந்து வயதில் பூமாலையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். விரல் எட்டவில்லை. மறு ஆண்டு எட்டியது. அன்றுதான் ஐந்து நிரம்பியதாக ஒரு தேதியை எழுதிக்கொண்டார்கள். ஊரில் பாதிப் பிள்ளைகளின் பிறந்த நாள் இப்படி வந்ததே. பதிவின்படி பூமாலைக்குப் பதினாறு. போட்டியோ பதினேழுக்கு உட்பட்டோருக்கு. பதினேழு எப்போதோ முடிந்ததைப் பெற்றவள் அறிவாள்.

"வையிம்மா, நேரமாவுது" என்றார் கொளஞ்சியப்பன்.

"படிச்சுக் காட்டுங்க சார்."

அதிகாரி படித்தார். 'மேற்கண்ட தேதி உண்மையென உறுதி கூறுகிறேன்.'

மை தடவிய பெருவிரல் தாளுக்கு மேலே நின்றது.

காலணி நாடாவை இறுக்கிக்கொண்டிருந்த பூமாலை நிமிர்ந்தாள். "இன்னாம்மா பாத்துக்கினு நிக்கற? வை."

"இது பொறந்தது அதுக்கு மின்ன வருசம், சார். மாசி மாசம். ஆலையில கரும்பு அரவை ஓடிக்கினு இருந்துச்சு."

"உன்ன யாரு கேட்டா? பள்ளிக்கூடத்துல எழுதனதுதான் சட்டம்!" என்று பல்லைக் கடித்தார் கொளஞ்சியப்பன்.

"தேதிய வாத்தியாரு எழுதனாரு. உண்மைன்னு சொல்றது நான்தானங்க?"

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அதிகாரி தாளை மடித்து வைத்தார். பின்னர்ப் பத்தொன்பதுக்கு உட்பட்டோர் ஓட்டத்தில் பெயரைச் சேர்த்தார். தன்னிலும் ஒரு சாண் உயர்ந்தவர்களோடு ஓடினாள் பூமாலை. கடைசி வளைவில் மூன்றாமவளின் தோளை எட்டிவிட்டாள், தாண்ட முடியவில்லை. நான்காம் இடம்.

ஊர் திரும்பும் பேருந்து உளுந்தூர்பேட்டையைத் தாண்டியது.

"மாடும் போச்சு, சீட்டும் போச்சு. இனிமே ஆணிச் செருப்ப மாட்டிக்கினு கரும்பு வெட்ட வரேன்" என்றாள் மகள்.

"மாட்டிக்கினு வா. சேத்துல வழுக்காது."

சிரித்துவிட்டாள் பூமாலை, சிரிப்பு முடியுமுன் அழுதாள்.

மதிப்பெண்ணால் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதிக் கட்டணத்துக்காக அடுத்த அரவைக் காலம் முழுதும் தாய் கரும்பு வெட்டினாள். பசுவை விற்று ஓட வைத்தது தகுமா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. இலவச இடத்துக்காக மட்டும் என்றால் தகாது. ஆயினும் பூமாலை இன்றும் விடியலில் ஓடுகிறாள். அவளை எவரும் வயது கேட்டுத் தலைகுனிய வைக்க முடியாது.

இறையருளால் அவ்வீட்டுக் கொட்டிலில் மீண்டும் கன்று துள்ளுக. உலை ஓயாது பொங்குக. அங்குப் பிறக்கும் மகவெல்லாம் மெய்யான நாளோடு நீடு வாழ்க.